வந்தவாசிக்கு அம்மாவோடு

ஞாயிறு இரவு, மதுரை

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு கீழ் பெர்த், ஒரு மேல் பெர்த். அம்மா கீழே. வண்டி கிளம்பும் முன்பே முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். தூங்கவில்லை. பையில் வைத்ததையும் விட்டதையும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிகிறது.

காலையிலிருந்தே வீட்டில் ஒரே வாக்குவாதம். நாங்கள் போவது உறுப்பு தானம் செய்த ஒரு குடும்பத்தைப் பார்க்க. வெறுங்கையோடு போக முடியாது. கேத வீட்டுக்குப் போகிற மாதிரி என்றால் பூவும் பலகாரமும் ஆகாது. உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி என்றால் தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, சேலை எல்லாம் வேண்டும். "தலைத்திவசம் முடிஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன கேதம்?" என்றாள் அம்மா. "அந்தம்மாவுக்கு முடிஞ்சிருக்குமா?" என்றேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. கடைசியில் புதுமண்டபத்துப் பக்கம் வாங்கிய கருநீலச் சுங்குடிச் சேலை ஒன்று, பழம் அங்கே போய் வாங்கிக்கொள்வது, மல்லிகைப்பூ வேண்டாம் என்று முடிவானது. முறுக்கு டப்பா ஒன்றை அம்மா எனக்குத் தெரியாமல் அடியில் வைத்திருக்கிறாள். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: எனக்குள் இருக்கும் கிட்னி என்னுடையது இல்லை. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையது. யார் என்று தெரியாது. 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும் ஒட்டி, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதை ஆஸ்பத்திரியும், உறுப்பு மாற்றைக் கவனிக்கும் தமிழக அரசு ஆணையமான டிரான்ஸ்டானும் வெளியே சொல்வதில்லை. எனக்குச் சொன்னதெல்லாம், "சின்ன வயசு, ஆக்சிடெண்ட்" என்ற இரண்டே விவரம்.

ஆனால் இது தமிழ்நாடு. மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்துவிடும். ஆபரேஷன் நடந்த தேதியைப் போட்டுத் தேடினால் ஐந்து நிமிடத்தில் ஊர், பெயர், அப்பா பெயர் கிடைக்கும். எங்கள் வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் அப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்கள்தான். நான் தேடவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, பயம். நாளைக்கே இந்தக் கிட்னி நின்றுபோனால் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு தகவல் சொல்வது? அவர்களுக்கு அது இரண்டாவது சாவு. இன்னொரு பக்கம் பணம். "என் பிள்ளையால்தானே பிழைத்தாய், ஒரு லட்சம் கொடு" என்று கேட்கிற நிலைக்கு யாரும் தள்ளப்படலாம். கேட்காதவர்களுக்கு வாங்கியவர்களே திணிக்கவும் செய்யலாம். அந்த விதி சரி என்றுதான் நினைக்கிறேன். சரி என்று நினைப்பதால் மனசு கேட்டுவிடுமா?

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு கோஆர்டினேட்டர், உறுப்பு தானக் குடும்பங்களோடு பேசுகிற வேலையில் இருப்பவர், போன் செய்தார். மகனின் உறுப்புகளைக் கொடுத்த ஒரு அம்மா, வாங்கியவர்களில் யாராவது ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவர் மகனிடம் வாங்கியவர்களைக் காட்ட முடியாது. "வேறு யாராவது என்றாலும் பரவாயில்லை என்கிறார். போவீர்களா? உங்க டோனர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்." வந்தவாசிக்கு அப்பால் ஒரு கிராமம். சரி என்றேன். போகிற வழியில் இரண்டு வேலைகளைச் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு மணி அலாரம் வீட்டிலேயே அடித்துவிட்டது. டாக்ரோலிமஸ் போட்டாயிற்று, புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு, ஆயுசுக்கும். திண்டுக்கல் வரும்வரை எழுதலாம் என்று பார்த்தேன், கை ஆடுகிறது. மீதி நாளை.


திங்கள், திருக்கழுக்குன்றம்

விடிவதற்கு முன் செங்கல்பட்டில் இறங்கிவிட்டோம். கொளவாய் ஏரிக் காற்றில் குளிர்ந்துபோய் அம்மா ஒரு டீ கேட்டாள். நான் கொதிக்கக் கொதிக்க வாங்கி, மாஸ்க்கை இறக்கிக் குடித்தேன். வெளியில் தண்ணீர் குடிப்பதில்லை, பச்சைக் காய் இல்லை, வெட்டி வைத்த பழம் இல்லை. கொதித்தது எதுவும் எனக்குத் தோழன்.

திருக்கழுக்குன்றம் பஸ் அரை மணி நேரம் கூட இல்லை. வேதகிரீஸ்வரர் மலைக்கு 565 படிகள். அம்மா கீழே பக்தவத்சலேஸ்வரர் கோயிலிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் ஏறினேன். டயாலிசிஸ் காலத்தில் வீட்டு மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் மூச்சு வாங்கும். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கும். இன்று பாதி மலையில் நின்றது மூச்சுக்காக இல்லை, குரங்குக்காக. பழப்பை இல்லாத ஆள் என்று தெரிந்ததும் அதுவே வழிவிட்டது. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்பார்களே, அந்தப் பாறையைப் பார்த்தேன். 1990-களின் கடைசியிலேயே அவை வருவது நின்றுவிட்டது. பாறையும் பாத்திரம் கழுவும் குழாயும்தான் இருக்கின்றன. இறங்குகிற வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம், சுவரில் டச்சுக்காரர்கள் கீறி வைத்த பெயர்கள். கோயில் சுவரில் பெயர் எழுதுகிற நம் ஊர்ப் பையன்களைத் திட்டுவதை இனி கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் இந்த ஊருக்கு வந்தது மலைக்காக இல்லை.

2008 செப்டம்பரில் இந்த ஊர்ப் பையன், பதினைந்து வயது ஹிதேந்திரன், பைக் விபத்தில் அடிபட்டான். அப்பா டாக்டர் அசோகன், அம்மா டாக்டர் புஷ்பாஞ்சலி. மூளைச்சாவு என்று சென்னையில் சொன்னதும், அதன் அர்த்தம் முழுதாகத் தெரிந்த அந்த இருவரும் தாங்களாகவே உறுப்புகளைக் கொடுக்கச் சொன்னார்கள். இதயம் பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு. வெளியே எடுத்த இதயத்துக்கு நாலு மணி நேரம் போல்தான் கெடு. கிட்னி என்றால் ஒரு நாள் வரை தாங்கும். போலீஸ் வழியை ஒதுக்கிக் கொடுக்க, சென்னைப் போக்குவரத்தில் முக்கால் மணி நேரம் பிடிக்கிற தூரத்தைப் பதினோரு நிமிடத்தில் கடந்து முகப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது இதயத்தை ஏற்றிய வண்டி. அதற்கு முன்பும் இங்கே உறுப்பு தானம் நடந்திருக்கிறது. ஆனால் ஊர் ஊராக, டீக்கடை டீக்கடையாக அது பேச்சானது அந்த வாரம்தான். மூளைச்சாவை எப்படி அறிவிப்பது, உறுப்பை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்று அரசாணைகள் வந்ததும் அந்த வருஷத்தில்தான். அந்த வரிசையில்தான் பிற்பாடு நானும் நின்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்த ஆட்டோக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வயது இருக்கும். "டாக்டர் பையன்தானே மேடம்? நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிக்கிட்டிருந்தேன். ஊரே போச்சு அன்னைக்கு" என்றார். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஹார்ட்டா?" என்று கேட்டார். மாஸ்க்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிற ஊர் வேறு இருக்காது. "கிட்னி" என்றேன். "அதான் படியெல்லாம் ஏறுறீங்க" என்றார். ஹார்ட் வாங்கியவர்களும் ஏறுவார்கள் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

"அந்த டாக்டர் வீட்டுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வருவமா?" என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். போகிற வருகிற கிட்னிக்காரர்கள் எல்லாம் கும்பிடு போட நின்றால் அவர்கள் நோயாளிகளை எப்போது பார்ப்பது? அம்மா அந்தத் திசையைப் பார்த்துப் பஸ்ஸுக்குள் இருந்தே கும்பிட்டுக்கொண்டாள். திசை சரிதானா என்று எனக்குத் தெரியாது.


செவ்வாய், சென்னை

செப்டம்பர் 23. தமிழ்நாட்டில் உறுப்பு தான தினம் இன்று. கோடம்பாக்கம் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில், மாற்று உறுப்போடு இருப்பவர்கள் சிலர் சேர்ந்து காசு போட்டு, கொடுத்த குடும்பங்களை அழைத்திருந்தார்கள். இவர் அவருக்குக் கொடுத்தவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. மொத்தமாகக் கொடுத்தவர்கள் முன்வரிசை, வாங்கியவர்கள் பின்னால்.

இப்படிக் கூட்டங்களில் ஒரு ஒழுங்கு உண்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, கேடயம், போட்டோ. பொன்னாடை போர்த்தும்போது வாங்கியவர் அழுவார், கொடுத்தவர் தேற்றுவார். தலைகீழாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஈரல் வாங்கிய ஒரு சின்னப் பையன் கேடயங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். கனம் தாங்காமல் ஒன்றைப் போட்டு உடைத்தான். முன்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் அதுதான் நல்ல நேரம்.

பேச வந்த ஒருவர் புறாவுக்குத் தசை கொடுத்த சிபியில் ஆரம்பித்தார், கண்ணப்பருக்கு வந்தார். அதுவரை சரி, அவர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். வேகத்தில் சிறுத்தொண்டருக்குப் போய்விட்டார். பெற்ற பிள்ளையையே கறி சமைத்து அடியாருக்குப் படைத்த கதை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா நாற்காலியில் நெளிந்தார். பேச்சு முடியும் முன்பே எழுந்து வெளியே போனார். தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றவரிடம் நானும் போய் நின்றேன்.

"நான் ஒண்ணும் அறுத்துக் குடுக்கலைம்மா" என்றார். "அவன் போனதுக்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அதை யாராவது மேடையில சொல்லுங்களேன்."

அவரே எனக்கு விளக்கினார், நான் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன். நாலு டாக்டர்கள் பார்க்க வேண்டும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்க, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து. "ரெண்டாவது தடவை நானும் நிக்கிறேன்னு சொன்னேன். டாக்டர் சரின்னாரு. நெஞ்சையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு. வரலை." கையில் இருந்த பேப்பர் கப்பை நசுக்கிக் குப்பையில் போட்டார். "அதுக்கு அப்புறம்தான் கையெழுத்து. சிறுத்தொண்டர் கதையா இது?"

மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பேச்சாளரிடம் இதைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷர், முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கைப் பிடித்து மூளைச்சாவு என்றால் என்ன என்று இரண்டு நிமிடம் பேசினார். அந்த இரண்டு நிமிடம் காலையில் பேசிய முக்கால் மணி நேரத்தைவிட உருப்படி. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் சரி என்று சொல்லியிருக்கின்றன. அந்த ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஒரு ஓரச்செய்தி. இதயம் வாங்கியவரின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கொடுத்தவரின் அம்மா கேட்டு அழும் வெளிநாட்டு வீடியோ ஒன்றை இன்று திரையில் போட்டார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலில் பெயர் போடாத கடிதம் ஒன்றை உறுப்பு மாற்று நிறுவனம் வழியாக அனுப்பலாம், இரண்டு பக்கமும் விரும்பினால் பிறகு சந்திக்கலாம். அந்தக் கடித ஏற்பாடாவது இங்கே நடைமுறைக்கு வந்தால் பேப்பரில் தேடி வீட்டு வாசலில் போய் நிற்கிற வேலை குறையும் என்பது என் கட்சி. வீடியோவைப் பொறுத்தவரை எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். கிட்னியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அது போடும் ஒரே சத்தம் பாத்ரூமில்தான்.


புதன், சென்னை

இன்று ஆஸ்பத்திரி. ரத்தம் கொடுத்து, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி, சாயங்காலம் ஆகிவிட்டது. கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினின் 1.2. டாக்டர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நல்ல ரிசல்ட்டுக்கு டாக்டர்கள் அதிகம் பேசுவதில்லை.

அம்மா தி.நகரில் தட்டு வாங்கினாள். நாளைக்கு.


வியாழன், வந்தவாசிப் பக்கம்

கிளாம்பாக்கத்திலிருந்து பஸ். எட்டு மணி அலாரம் பஸ்ஸில் அடித்தது, பக்கத்து சீட்டுக்காரர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதென்று எழுந்துவிட்டார். வந்தவாசி என்றால் 1760-ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்ட சண்டை, எட்டாம் வகுப்பில் ஐந்து மார்க். நேரில் பார்த்தால் கோரைப்பாய் ஊர். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் ரோட்டோரமெல்லாம் சாயம் போட்ட கோரை காய்கிறது, ரோஸ், பச்சை, ஊதா என்று கட்டுக் கட்டாக.

பழம் வாங்கினோம். ஆப்பிளா மாதுளையா என்று அம்மா கடைக்காரரோடு கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர்ப் பெயர், வீட்டார் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. எழுதினால்தான் என்ன என்று அந்த அக்காவே கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம். மின்சாரப் பாய்த்தறி, பேசுவது காதில் விழாது. அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். ஐம்பதுக்குள்தான் இருக்கும், ஒல்லி. "வாம்மா, உள்ள வா. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?" என்று என் கையைப் பிடித்தார். அவர் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ஒரு வணக்கம் வைத்தார். மறுபடி போய்த் தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசி வரை எங்களோடு அவர் பேசியது ஐந்தாறு வார்த்தை.

சுவரில் படம். மாலை இல்லை, சீரியல் பல்பு மட்டும் ஓடுகிறது. பையன் கூலிங் கிளாஸ் போட்டுப் பைக்கில் சாய்ந்து நிற்கிறான். அந்தப் பைக்தானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பாய் விரித்து உட்கார்ந்தோம். அக்கா கேட்ட முதல் கேள்வி:

"உனக்கு இன்னா குரூப்பு?"

"ஓ பாசிட்டிவ்-க்கா."

"அவன் பி பாசிட்டிவ்" என்றார்.

ஓ குரூப்புக்காரர்களுக்கு ஓ மட்டும்தான் பொருந்தும். கோஆர்டினேட்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், நான் அவர் மகனின் ஆள் இல்லை என்று. அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். "காப்பி போடறேன்" என்று உள்ளே போனார். காப்பி வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

வந்ததும் அம்மா தட்டை நீட்டினாள். சேலை, பழம், வெற்றிலை பாக்கு. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்களை மாதிரி ஒரு அம்மாவால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன், வாழ்நாள் முழுக்க நன்றி மறக்க மாட்டேன், இப்படி. அக்கா ரேடியோ கேட்கிற மாதிரி கேட்டார். முடித்ததும் "சரிம்மா" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மாதான் கேட்டாள். "புள்ளை நல்லா சாப்புடுவானா?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு என்றால் மூன்று வேளையும் கேட்பானாம். முட்டையை மட்டும் தொடமாட்டானாம், சின்ன வயதில் ஸ்கூல் சத்துணவில் கெட்டுப்போன முட்டையைச் சாப்பிட்டு வாந்தி எடுத்ததிலிருந்து. ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தான், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் சேர்ந்து இரண்டு சம்பளம் வாங்கினான். முதல் சம்பளத்தில் தங்கைக்கு ஒரு ஜோடி கம்மல். அந்தத் தங்கை உள்ளிருந்து காதைக் காட்டியது. அக்கா பேசப் பேச, நான் இங்கே எதற்காக வந்தோம் என்று யோசித்தேன். நன்றியை இறக்கி வைத்துவிட்டு லேசாகத் திரும்பலாம் என்றுதானே. பாரம் என்னுடையது, இறக்கி வைக்க இடம் அவர் வீடு. அவர் கேட்டது அதை அல்ல. வருகிறவர்கள் எல்லாம் அவர் செய்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். பையன் எப்படி இருப்பான் என்று கேட்க ஆள் இல்லை.

அந்த ராத்திரியைப் பற்றியும் அவரே சொன்னார். "உடம்பு சுட்டுக்கினு இருந்திச்சிம்மா. நெஞ்சு ஏறி எறங்குது. போய்ட்டான்னு சொல்றாங்க, நான் நம்பல. ரெண்டாவது டெஸ்ட் முடிஞ்சி இவரு வந்து சொன்னாரு. இவரு பொய் சொல்ல மாட்டாரு." கண் கொடுக்கலாமா என்று கேட்டபோது மட்டும் தயங்கினாராம். பிறகு அதற்கும் சரி என்றிருக்கிறார்.

"அதுக்கு அப்புறம்தான் கஷ்டம்" என்றார். ஊரில் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளையை விற்றுவிட்டார்கள், இத்தனை லட்சம் வாங்கினார்கள் என்று. சொந்தத்திலேயே ஒருவர் வந்து, "அந்தக் காசுல எனக்கு ஒரு ரெண்டு குடு" என்று கேட்டாராம். கூரையில் ஓட்டை அடைக்கவில்லை, தறிக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது, இருந்தும் பேச்சு நிற்கவில்லை.

நின்றது ஒரு மாலையால். 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சில நாட்களுக்குள்ளேயே தேனி மாவட்டம் சின்னமனூரில் ஒருவருக்கு அது நடந்தது. இந்தப் பையன் போனது அதற்குப் பிறகு. "ஆர்டிஓ வந்தாரு. தாசில்தார், போலீஸு, எல்லாம் வந்து மாலை வெச்சி, நின்னு கும்புட்டாங்க. இந்தத் தெருவுல அதுவரைக்கும் ஆர்டிஓ கால் வெச்சது இல்ல. அன்னிக்கு எவனும் வாயத் தொறக்கல. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சாங்க. நான் போட்டோவ எடுத்துக் காட்டுனேன். காசு வாங்கினவ வீட்டுக்கு கவர்மெண்டு மாலை வெக்குமாடான்னு கேட்டேன்." அந்தப் போட்டோவை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மகன் படத்துக்குப் பக்கத்தில் அல்ல, வாசல் கதவுக்கு நேர் எதிரில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி.

அறிவிப்பு வந்தபோது, செத்தபிறகு மரியாதை எதற்கு, உயிரோடு இருக்கிற குடும்பத்துக்கு ஏதாவது செய்யலாமே என்று நானே எழுதியிருந்தேன். இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தால் அந்த மாலை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான்.

சாப்பாட்டுக்கு முன் அக்கா மெதுவாகக் கேட்டார். "எந்தப் பக்கம் வெச்சாங்க?" பழைய கிட்னிகளை எடுக்க மாட்டார்கள், அவை முதுகுப் பக்கமே கிடக்கும். புதியதை அடிவயிற்றில் வலது பக்கம், இடுப்பெலும்பை ஒட்டி வைப்பார்கள். தோலுக்குக் கொஞ்சம் கீழேதான், கை வைத்தால் மேடு தெரியும். சொன்னேன். அவர் சேலைக்கு மேலேயே கையை வைத்தார். காய்ப்பு ஏறிய கை. அழுத்தவில்லை. "வலிக்குதா?" "இல்லக்கா." "ஒண்ணுக்கு நல்லாப் போவுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டயாலிசிஸில் இருந்தபோது வருஷக்கணக்கில் ஒன்றுக்கே போனதில்லை, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடித்ததில்லை, வெயில் காலத்தில் ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டே கிடப்பேன் என்றேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நர்ஸ் சிறுநீர்ப் பையைத் தூக்கிக் காட்டினாள், அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கோபுரத்தைப் பார்த்த மாதிரி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரிடமும் சொன்னார். தறி நின்றது. அவரும் சிரித்தார்.

"நான்தான் குடுக்கிறேன்னு நின்னேன்" என்று அம்மா அப்போது சொன்னாள். "சுகர் இருக்குன்னு வேணாம்னுட்டாங்க. பெத்தவ இருந்தும் அடுத்தவ புள்ளைட்ட வாங்க வேண்டியதாப் போச்சு." இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு முறையும் சொல்லாதது.

"சுகரா? எனக்கும் இருக்குது" என்றார் அக்கா. "எத்தினி மாத்திரை போடற?" அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெந்தயம், ஆவாரம்பூ, கால் எரிச்சல் என்று போய்விட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. தங்கைப் பெண் தறியைக் காட்டக் கூட்டிப்போனது. ஈரக் கோரையை நூல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும், நுனியை ஒரு தரம், அடியை ஒரு தரம், மாற்றி மாற்றி. இல்லாவிட்டால் பாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் என்றது.

மதியம் கருவாட்டுக் குழம்பு. எனக்கு உப்புக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கரண்டி சாப்பிட்டேன். டாக்டர் இதை வாசிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.


வெள்ளி, மதுரை

நேற்று சாயங்காலம் திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரம், நள்ளிரவு வாக்கில் பாண்டியன். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லலாமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். கேத வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "போய்ட்டு வர்றோம், பொங்கலுக்கு நீங்க மதுரைக்கு வாங்க" என்றாள். முறுக்கு டப்பாவையும் அப்போதுதான் எடுத்துக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு பாய் வந்தது, ஊதாக் கரை வைத்த ஆறடிப் பாய். சுருட்டி, எங்கள் இரண்டு பேர் தலையிலும் இடிக்க இடிக்கக் கொண்டுவந்தோம். ரயிலில் டி.டி.ஆர். அது லக்கேஜா என்று கேட்டார்.

காலையில் வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா போன் அடித்தது. அக்கா. வந்து சேர்ந்தீர்களா என்று கேட்கத்தான். பேச்சு தங்கைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குப் போய்விட்டது. "அங்கிட்டே குடுக்கணும்னு என்ன இருக்கு? இங்கிட்டும் நல்ல பையங்க இருக்காங்க. என்ன படிச்சிருக்கான்னு மட்டும் சொல்லு" என்று அம்மா அடுப்படிக்கும் திண்ணைக்குமாக நடந்து பேசிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு தடவை போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எட்டாச்சு. மாத்திரை போட்டியான்னு கேக்குது அந்தப் புள்ளை."